ஏழு வரை எண்ணு

விலையைச் சொன்னதும் வாயை மூடு.
ஏழு வரை எண்ணு.
முதலில் பேசுகிறவர் தோற்றவர்.
மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது, தடித்த எழுத்தில்.

நாலாயிரத்து எண்ணூறு டொலர் என்றேன்.
இன்றிரவு பன்னிரண்டு மணி வரைக்கும்தான் என்றேன்.
மூடினேன்.

ஒன்று.
அவள் வீட்டில் உடுப்புக் காயவைக்கிற மெசின் சுற்றுகிறது.
ஒரு பட்டனோ சில்லறையோ
தகரத்தில் பட்டுப் பட்டு விழுகிறது.
இரண்டு. மூன்று.
ஸ்காபரோ, மோர்னிங்சைட் தெரு, நிலக்கீழ் அறை.
தலைக்கு மேலே வீட்டுக்காரரின் கால்கள்
குசினிக்கும் ரீவிக்குமாக நடக்கின்றன.
யன்னலில் பாதி பனி,
மீதி யாருடையவோ கார்ச் சில்லு.
கமராவுக்காக அதைத் திரைபோட்டு மறைத்து
முன்னால் ஒரு செடி வைத்திருக்கிறேன்.
பிளாஸ்டிக்.
ஐந்து.
நாலை எண்ணினேனா தெரியவில்லை.

"சீட்டெடுத்த காசு கொஞ்சம் இருக்குது தம்பி."

அவள்தான் முதலில் பேசினாள்.

சிவதர்சினி. ஏஜக்ஸ்.
முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்புகள் துவைக்கிறாள்.
சனி ஞாயிறில் கேக் அடிக்கிறாள்.
இதுவரை பதினொரு கேக்,
எல்லாம் சொந்தக்காரருக்கு,
ஆறு பேர் இன்னும் காசு தரவில்லை.
"இவரை ஒருக்காக் கேக்கோணும்" என்றாள்.
நாலாம் பக்கம்:
உங்கள் கனவுக்கு இன்னொருவரின் கையெழுத்து எதற்கு அக்கா?
'அக்கா' நான் சேர்த்தது.
அச்சில் அது இல்லை.

"நீங்கள் எவ்வளவு உழைச்சனீங்கள்?"
ஒன்பதாம் பக்கம். படம் அனுப்பு.
அனுப்பினேன்.
படத்தில் ஒரு வங்கிக் கணக்கு, ஒரு பெருந்தொகை.
யாருடையது என்று
எனக்கு அனுப்பப்பட்டபோது நானும் கேட்கவில்லை.

போன மார்ச்சில் அந்த முனையில் நான் இருந்தேன்.
களஞ்சியத்தின் பின்புறம், இரண்டு லொறிகளுக்கு நடுவே,
சாப்பாட்டு இடைவேளை முடியப் போகிற அவசரத்தில்,
விறைத்த விரலால் அட்டையைத் திருப்பித் திருப்பி
நெதர்சனுக்கு இலக்கம் வாசித்தேன்.
ஆறு கிழமை.
கிடைத்ததெல்லாம் வீடியோக்கள்:
அதிகாலையில் எழும்பு, கண்ணாடியைப் பார்த்துச் சிரி.
காசைத் திருப்பித் தா என்று கேட்டேன்.
காசு வரவில்லை. இந்தப் பக்கங்கள் வந்தன.
ஆளுக்கு நானூறு. பன்னிரண்டு பேரைச் சேர்,
உன்னுடையது உனக்கு என்றான்.

ஐந்தாவது ஆள் இப்போது என்னை எடுப்பதில்லை.
எட்டாவது ஆளின் கணவர் ஒருநாள் எடுத்தார்.
ஒன்றும் சொல்லாமல் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்.
பழக்கதோஷம், நான் எண்ணத் தொடங்கிவிட்டேன்.

இவள் பன்னிரண்டாவது.

"எழுதுங்கோ" என்கிறாள்.
என் சொந்தக் கடனட்டை பில் வந்த உறையின் முதுகில்
எழுதுகிறேன். நாலு இலக்கம்.
பிறகு நாலு.
பிள்ளைக்குப் பால்கணக்குச் சொல்லுகிற மாதிரி
மெதுவாய், பிழைவராமல், இன்னும் நாலு.
"பிடியுங்கோ தம்பி, சின்னவன் எழும்பிட்டான்."

போனை எங்கோ வைத்தாள். மரத்தில் தட்டிய சத்தம்.
மெசின் நின்றிருக்கிறது.
தண்ணி, தண்ணி என்று ஒரு குரல்,
ஒரு குழாய்,
பிறகு அவள் ஏதோ மெல்லச் சொல்லிச் சிரிப்பது.
அதற்குப் பக்கம் இல்லை.

திரையில் நெதர்சன்.
எல்லா அழைப்பையும் அவன் கேட்டுக்கொண்டிருப்பான்.
விடாதே, என்று எழுதுகிறான்.
மூன்று நெருப்புப் படங்கள்.

திரும்பி வந்துவிட்டாள்.
"எங்க தம்பி விட்டனான்?"

எங்கே என்று தெரியும்.
உறை கையில் இருக்கிறது.
ஒன்று.
மேலே கால்கள் நின்றுவிட்டன.
இரண்டு, மூன்று, நாலு.
விடாதே.
ஐந்து.
ஆறு.
"தம்பி, கேக்குதோ?"
ஏழு.

எட்டு.